கொடிமரத்துக்குக் களை எடுத்த மாதையன்

கேளுங்கள், கேளுங்கள். மலைக்கு ஒரு தலைவன், சமவெளிக்கு ஒரு ராஜா என்று இருந்த காலம். மேகம் தரையில் நடக்கும் குளிர்மலை ஒன்றில் மாதையன் என்றொரு தலைவன் இருந்தான். தினை விதைப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. களை பறிப்பதிலோ கை ஓயவே ஓயாது. வாசலில் ஒரு புல் முளைத்தாலும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

தினைப்புனத்துக்கு மேலே ஒரு பழங்காடு. அதை யாரும் நட்டதில்லை, யாரும் வெட்டியதுமில்லை.

ஒருநாள் சமவெளி ராஜா மலையேறி வந்தார். அவர் கட்டும் கோயிலுக்குக் கொடிமரம் வேண்டும். முடிச்சு கூடாது, வளைவு கூடாது, ஒட்டு கூடாது. காட்டோரத்தில் நாங்கு என்னும் காட்டு மரம் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். நெட்டையாய், நேராய் இருந்தது. பருமன்தான் போதவில்லை.

"மாதையா, கோபுரம் முடிவதற்குள் இதைத் தேற்றிக் கொடு. கொடுத்தால் காடு உன்னுடையது. முடியாவிட்டால் என் ஆட்களை இங்கே குடியேற்றி நானே மரம் வளர்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மாதையனுக்குத் தூக்கம் போயிற்று. காடு கைவிட்டுப் போனால் தேன் போயிற்று, கிழங்கு போயிற்று, ஓடைத் தண்ணீரும் போயிற்று.

மரத்தடியில் நின்று பார்த்தான். சுற்றிலும் ஒரே நெரிசல். கன்றுகள் வெயிலுக்கு ஏங்கி வெளிறி நின்றன. பாதி பட்டே போயிருந்தன. "தினைக்குக் களை பறிச்சா கதிர் பெருக்குது. மரத்துக்கு மட்டும் வேற நியாயமா?" என்று கத்தியை எடுத்தான்.

முதல் கோடையில் கன்றுகளை வெட்டினான். மரம் கொஞ்சம் பருத்தது. இரண்டாம் கோடையில் நடுத்தர மரங்களை வெட்டினான். இன்னும் பருத்தது. மாதையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் கோடையில், ஒட்டி நின்ற மூன்று பெரிய மரங்களை வெட்டக் கோடாரியோடு போனான். அவன் மனைவி கெம்பி குறுக்கே வந்து நின்றாள்.

"இதுங்க உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"நம்ம மரத்த நெருக்குது."

"நெருங்கி நிக்குது. நெருங்கி நிக்கிறதெல்லாம் நெருக்குறதா ஆயிடுமா? காத்தடிச்சா இதுங்கதானே மறைப்பு?"

"போடி, நீ களை பறிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிட்டான். பெரிய அறிவாளி, பாருங்கள்!

மூன்றும் விழுந்தன. உடம்பெல்லாம் வெயில் பட்டதும் நாங்கு மரம் அடிமரத்திலேயே கிளை விட்டது. கிளை விட்ட இடமெல்லாம் முடிச்சு. அப்புறம் ஆடிக் காற்று வந்தது. நெரிசலில் வெளிச்சத்தை எட்டிப் பிடித்தே வளர்ந்த மரம் அது. உயரத்துக்கு ஏற்ற பலம் இல்லை. அதுவரை காற்றை அக்கம்பக்கத்து மரங்கள்தான் வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது நன்றாக ஒரு ஆட்டம் ஆடி, வேரோடு சாய்ந்துவிட்டது. மாதையன் அதன்மேல் விழுந்து அழுதான். அழுதால் மரம் நிமிருமா?

கோபுரம் முடிந்தது. ராஜா கோடாரி ஆட்களோடு வந்து, முன்பு தொட்டுக் காட்டிய இடம் மறந்துபோய் நேரே நடுக்காட்டுக்குள் நடந்தார். மாதையன் கத்தி படாத இடம் அது. அங்கேயும் நெரிசல்தான், தாக்குப்பிடிக்காமல் பட்டுப்போனவை எத்தனையோ. பிழைத்தவற்றில் ஒரு நாங்கு மரம் முடிச்சில்லாமல், வளைவில்லாமல், வேண்டிய பருமனில் நின்றது.

"பலே! வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும். காடு உன்னுடையது" என்றார் ராஜா. தான் தொட்டுக் காட்டிய மரம் அதுதான் என்று நினைத்துவிட்டார்.

'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது மாதையனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கெம்பியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராசா, நான் வளத்தது காட்டோரம் விழுந்து கிடக்குது. பக்கத்து மரத்தையெல்லாம் வெட்டி நான்தான் அதைக் கெடுத்தேன். இதை நான் தொட்டதே இல்ல. கூட்டத்துல முட்டி மோதி அதுவா வளந்தது" என்றான்.

ராஜா போய் விழுந்த மரத்தைப் பார்த்தார். திரும்பி, தன் ஆட்களின் கோடாரிகளைப் பார்த்தார்.

"ஒருவன் களை எடுத்ததற்கே இந்தக் கதி. இத்தனை பேரை இங்கே குடிவைத்தால் காடு என்ன ஆகும்? நீ பொய் சொல்லியிருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும். காட்டை நீயே வைத்துக்கொள், மாதையா. கத்தியை மட்டும் தினைப்புனத்தோடு நிறுத்திக்கொள்" என்றார்.

அந்த ஒரு மரத்தோடு ராஜா மலையிறங்கினார்.

ஆகையால், பக்கத்தில் நிற்பவரையெல்லாம் போட்டிக்காரர் என்று வெட்டித் தள்ளினால், காற்றடிக்கும்போது முதலில் விழுவது நாம்தான்.