உலகப்பனைப் போல

உலகப்பனின் கப்பல் துறைமுகத்துக்கு வந்தாலே வயிரவருக்கு வயிறு எரியும். இந்த முறை சாம்பிராணி வாசனை கடைத்தெரு வரை வந்தது. வயிரவர் ஜன்னலைச் சாத்தினார். வாசனை உள்ளேயும் வந்தது.

கடலுக்கு அப்பால் இருந்த ஒரே தீவில்தான் இருவரும் சாம்பிராணி வாங்கி வந்து வியாபாரம் செய்தார்கள். இருவருக்கும் குருவும் ஒருவரே, கடற்கரை மடத்துப் பூரணி அம்மா. வயதில் வயிரவரைவிடச் சிறியவர். இரண்டு வருடமாகத் தீவுக்காரர்கள் உலகப்பனுக்கு மட்டுமே சரக்குக் கொடுத்தார்கள். வயிரவரின் கப்பல் காலியாகத் திரும்பியது. இன்னொரு முறை அப்படித் திரும்பினால் கப்பலை விற்க வேண்டியதுதான்.

வயிரவர் நேரே மடத்துக்குப் போனார்.

“அவனுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்கம்மா?”

“உங்களுக்குச் சொன்னதைத்தான்.”

“நான் அவனைவிடக் கூட விலை தரேன்னேன். எனக்கு இல்லேன்னுட்டு அவனுக்கு அள்ளிக் குடுக்கறாங்க.”

“அவர் அங்கே என்ன செய்யறார்?”

“வேஷம் போடறான்! சாம்பிராணி மரத்தைக் கீறிப் பால் எடுக்கறதுக்கு முன்னாடி, அவங்களோட சேர்ந்து அதைக் கும்பிடறான். தரையில உட்கார்ந்து அவங்க சோத்தைத் திங்கறான். கீறின மரத்துக்கு ஓலை கட்டி வைப்பாங்க. காயம் ஆறற வரைக்கும் தொடக்கூடாதாம். நான் அதையும் கீறச் சொல்லித்தான் கூட விலை பேசினேன். அவன் ஓலை கட்டின மரத்துச் சரக்கே வேண்டாம்கறான். எல்லாம் நாடகம்மா.”

“நல்லா நடிக்கறாரா?”

“பிரமாதமா.”

“அப்ப நீங்களும் நடிங்க. ஒரே ஒரு பயணம். எந்த இடத்திலயும் பிசகக் கூடாது.”

வயிரவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நடிப்பிலுமா அந்தப் பயலிடம் தோற்பது?

தீவில் இறங்கியதும் ஆரம்பித்தார். உலகப்பன் ஒரு கும்பிடு போட்டிருந்தால் இவர் விழுந்து கும்பிட்டார். அவர்கள் வைத்த புளித்த கிழங்குக் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், இன்னொரு கிண்ணமும் கேட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் தீவுக்காரன் ஒருவன் கரைக்கு வந்தான். ஓலை கட்டிய மரங்களைக் கீறித் தருவதாகவும், யாருக்கும் தெரியாதென்றும் சொன்னான். வயிரவரின் கப்பலில் கால்வாசி காலியாகக் கிடந்தது. நாக்கு நுனி வரை ‘சரி’ வந்துவிட்டது. ஆனால் உலகப்பன் வேண்டாம் என்றுதானே சொல்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு வயிரவரும் வேண்டாம் என்றார்.

புறப்படும்போது தீவின் தலைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் உலகப்பனைப் போல நல்லவர்.”

வழியெல்லாம் அந்தச் சொல் அவரை அரித்தது. இத்தனை பாடுபட்டும் அவனைப் போலத்தானா?

ஊர் திரும்பியதும் மடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“கப்பல் நிறைஞ்சுதா?” என்று கேட்டார் பூரணி அம்மா.

“முக்கால்வாசி. அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

வயிரவர் வெடித்துவிட்டார்.

“மனசு மாறலையேம்மா! மரத்தைக் கும்பிடறப்பகூட அவன் கப்பல் கவுந்து போகணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அந்தக் கஞ்சியை நினைச்சா இப்பவும் குமட்டுது. அந்த அம்மா என்னை நல்லவர்ங்கறா. நான் செஞ்சது அத்தனையும் பொய். இது பாவமில்லையா?”

“ஓலை கட்டின மரத்தைக் கீற விட்டீங்களா?”

“இல்லை.”

“அந்த மரத்துக்கு நீங்க நடிச்சது தெரியாது, வயிரவரே. அடுத்த வருஷமும் நடிங்க.”