குருவம்மாள் கேட்கச் சொன்ன முதல் கேள்வி

விருதுநகர்ப் பக்கம் ஒரு மசாலாக் கம்பெனி. அதன் குழம்புப்பொடிப் பக்குவம் எப்படியோ போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதுரையிலிருந்து பொய் கண்டுபிடிக்கும் மிஷினையும் அதை ஓட்ட ஓர் ஆளையும் வரவழைத்துவிட்டார்.

முதலில் மாட்டியவள் மல்லி வறுக்கும் குருவம்மாள். சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்தவளுக்குக் கால் தரிக்கவில்லை.

“சம்மதம் இல்லாம இதுல உக்கார வைக்கச் சட்டம் விடாதாமே அண்ணாச்சி?”

“அதுக்குத்தான் இந்தத் தாள். சொந்த விருப்பத்துல உக்காருறேன்னு கையெழுத்துப் போடு. போடலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

போட்டாள். விரல்களில் ஒயர் மாட்டினார்கள்.

“தம்பி, முதல்ல அந்தத் தாள்ல இருக்கறதையே கேளுங்க,” என்றாள் மிஷின்காரரிடம்.

“சொந்த விருப்பத்துலதான் உக்காந்திருக்கீங்களா?”

“ஆமா.”

முள் துள்ளிக் குதித்தது.

“பொய்னு காட்டுது சார்,” என்றார் அவர், தலையைச் சொறிந்தபடி.

“மிஷின் சொல்றது சரின்னா, நீங்க மிரட்டி உக்கார வச்சிருக்கீங்க, அதைச் சட்டம் ஒத்துக்காது. தப்புன்னா, இதை நம்பி யாரைத் திருடின்னு சொல்லுவீங்க அண்ணாச்சி?”

“எங்களுக்கும் அதே கேள்விதான் முதல்ல,” என்றது அவளுக்குப் பின்னால் சோதனைக்காகக் காத்து நின்ற வேலையாட்கள் வரிசை. மிஷின்காரர் ஒயரைச் சுருட்டினார்.

அண்ணாச்சி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “அப்ப உன் பேச்சை நான் எப்படி நம்புறது?”

“பதினெட்டு வருசமா மல்லி பதம் வந்துருச்சான்னு என் வாயைக் கேட்டுத்தானே அடுப்பை அணைக்கச் சொல்றீங்க. இப்பவும் ஒரு சட்டி கெடக்கு. முள்ளைக் கேக்கணுமா, நான் போகவா?”

உள்ளேயிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது.

“போ தாயி,” என்றார் அண்ணாச்சி.