இறவாரத்துக்கு வந்த வரி

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றையூர்ச் சீமையை உதயபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் கடைசியாக அவர் காதில் யார் ஓதினாரோ அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

அவருடைய மந்திரி குழந்தைவேலர் வாயைத் திறந்தால் சபையே சிரிக்கும். வரியதிகாரி அரங்கேசருக்கு அதைப் பார்த்து வயிற்றெரிச்சல். தானும் ராஜாவிடம் சபாஷ் வாங்கிவிட வேண்டுமென்று ஒருநாள் எழுந்தார்.

"மகாராஜா! வீடுகளைச் சுவருக்குச் சுவர் அளந்து வரி போடுகிறோம். கூரையோ சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இறவாரத்தையும் சேர்த்து அளந்தால் கஜானா நிரம்பி வழியும்!"

"பலே! அப்படியே செய்யும்!" என்றார் ராஜா.

"அந்த இடத்தில் வீட்டுக்காரர் குடியிருக்கவில்லையே, மகாராஜா?" என்றார் மந்திரி.

"யார் அனுபவிக்கிறாரோ அவர் கட்டட்டும்!" என்று சீறினார் அரங்கேசர். அதையே தண்டோரா போட்டார்கள்.

மறுநாளே ஆட்கள் வந்து, அனுபவிப்பது வீட்டுக்காரர்தான் என்று அவரவர் பேரில் வரியை எழுதிக்கொண்டு, கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வீட்டுக்கு வீடு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். முனைத்தெருவில் அவல் இடித்து விற்கும் சிட்டம்மாள், முளையைப் பார்த்துப் பதறிப்போய் மந்திரியிடம் ஓடினாள்.

"ஐயா, என் வீடு பொட்டுக் குடிசை. மழையில யாரும் நனையக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் இறவாரத்தை மட்டும் வீட்டளவுக்கு நீட்டிக் கட்டிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். இப்போ வரி ரெட்டிப்பா வந்து நிக்குது. மாசக் கடைசிக்குள்ள கட்டலேன்னா வீடு ஏலமாம். அறுத்துப் போடலாம்னா மண்சுவர் கரைஞ்சுபோயிடும். நான் எங்கே போவேன்?"

"அறுக்காதே தாயி. அழவும் அழாதே. ஒரு மழை பெய்யட்டும்," என்றார் மந்திரி.

ராஜாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஐப்பசியில் முதல் மழை இருட்டிக்கொண்டு வந்தால், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் தெருவில் நடப்பார். அந்த வருஷமும் கிளம்பினார். மந்திரியும் அரங்கேசரும் ஆளுக்கொரு கம்பளியோடு கூடவே போனார்கள். எந்தத் தெருப்பக்கம் கூட்டிப்போவது என்பது மந்திரியின் கையில் இருந்தது.

முனைத்தெருவுக்கு வந்தபோது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மூவரும் சிட்டம்மாள் வீட்டு இறவாரத்துக்கு ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே ஓர் எருமை நின்றது. சிட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். யார், எவர் என்று கேட்கவில்லை. எருமையைத் தள்ளி நிறுத்தி இடம் பண்ணினாள். துடைத்துக்கொள்ளத் துணியும், ஆளுக்கொரு கை வெல்லம் போட்ட அவலும் கொடுத்தாள்.

மந்திரி தொண்டையைக் கனைத்தார்.

"யார் அனுபவிக்கிறாரோ அவர்தானே வரி கட்ட வேண்டும்? இந்த இடத்தை நாம் நாலு பேர் அனுபவிக்கிறோம். ஆளுக்குக் கால் பங்கு."

"நாலாவது ஆள் யார்?" என்றார் ராஜா.

"எருமை."

"எனக்கும் எருமைக்கும் ஒரே பங்கா?"

"நியாயமில்லைதான். எருமை கொஞ்சம் கூடுதலாக இடம் பிடித்திருக்கிறது."

"அய்யோ, என்ன பேச்சுங்க இது! மழைக்கு ஒதுங்கினவங்ககிட்ட காசு வாங்கினா எனக்குச் சோறு இறங்குமா?" என்றாள் சிட்டம்மாள்.

அரங்கேசருக்கோ பங்கு என்றதுமே பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்கு வேண்டும் உன் தயவு? இறவாரம் என்ன உன் வீடா? இது ஊருக்குப் பொது! தெருவில் போகிற எவனும் நிற்கலாம். இதற்கெல்லாம் வரி என்று எந்த மடையன் சொன்னான்?"

ராஜா கம்பளியை விலக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மடையன் சொன்னான். அதைவிடப் பெரிய மடையன் பலே என்றான்."

முகத்தைப் பார்த்ததும் ராஜா என்று தெரிந்து சிட்டம்மாள் காலில் விழப்போனாள். ராஜா அவளைக் கைகூப்பி வணங்கினார். "தாயே, பன்னிரண்டு வருஷமாக எனக்கு எல்லோரும் இடம் விடுகிறார்கள். நான் ராஜா என்பதற்காக. யாரென்றே கேட்காமல் இடம் கொடுத்தவள் நீ ஒருத்திதான். உனக்கும் உன் புருஷனுக்கும் நான் கடன்பட்டவன். இந்தச் சீமையில் இனி இறவாரத்துக்கு வரி கிடையாது. உன் வீட்டுக்கு எந்த வரியும் கிடையாது."

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. அரங்கேசருக்கு ஒரு வேலை கிடைத்தது: ஊரெல்லாம் அடித்த முளைகளைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டும்.

முனைத்தெருவுக்கு அவர் வந்த அன்றும் மழை பிடித்துக்கொண்டது. முளையைப் பிடித்தபடி தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். இறவாரத்துக்குள்ளே போய் ஒதுங்க வெட்கம்.

"ஐயா, அதை அப்புறம் பிடுங்கலாம். காய்ச்சல் வந்துடப்போகுது, உள்ளே வாங்க!" என்று சிட்டம்மாள் கூப்பிட்டாள்.

அரங்கேசர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க இடம், தாயி. நான் நின்னுக்கலாமா?"

"இதையெல்லாம் கேக்கவா வேணும்?" என்று சொல்லிவிட்டு, அவள் அவல் எடுத்துவர உள்ளே போனாள்.