மேலக்கோணத்தார் தலையைத் திருப்பிய கதை

மேலக்கோணத்தில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருமே நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

மூத்தவர் உச்சிமகாளி. கம்ப்யூட்டரை வைக்க அவரிடம் மேஜை இருந்ததால் அவரே தலைவர். அடுத்தவன் மாசானம், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவன். ஞானதிரவியம் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பான் என்பதால் மற்றவர்கள் அவனை மேதை என்று நம்பினார்கள். சொள்ளமுத்து யார் என்ன சொன்னாலும் செய்வான்.

இந்த நாலு பேரும் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுவார்கள். வருஷா வருஷம் கீழக்கோணத்துக் கல்யாண மண்டபத்தில் இதற்குப் போட்டி உண்டு. திரையில் ஒரு மலைப்பாதை வரும். பஸ்ஸைக் கவிழ்க்காமல் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். போன வருஷம் உச்சிமகாளி பதினாலு தடவை பள்ளத்தில் விழுந்தார். வளைவில் ரோடு பக்கவாட்டில் போனது; திரையிலோ நேர் எதிரே இருந்த ஆகாயம் மட்டும் தெரிந்தது. மைக் பிடித்தவன், "பள்ளத்தாக்குப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கைதட்டு!" என்றான்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் கேட்டார்கள், சலூனில் கேட்டார்கள். கடைசியில் மாசானத்துக்குப் பார்த்த பெண்ணின் அப்பாவே, "தம்பி, நீங்க அந்தப் பள்ளத்தாக்குக் கோஷ்டியா? எங்க புள்ளைய எப்படி நம்பி அனுப்ப?" என்று கேட்டுவிட்டார். மாசானம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ஞானதிரவியத்தின் அக்கா ஜெபராணி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சின்னக் கேமராவை வாங்கி அனுப்பினாள். "இது ஓட்டுறவர் முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். அவர் தலையைத் திருப்புற பக்கம் பஸ்ஸுக்குள்ளயும் பார்வை திரும்பும். அப்புறம் வளைவெல்லாம் தெரியும்" என்று போனில் சொன்னாள். செய்ய வேண்டியதை ஒரு தாளிலும் எழுதி வைத்திருந்தாள்.

முதல் வரியை ஞானதிரவியம் வாசித்தான். "கேமராவை மானிட்டர் தலைமேல் வைக்கவும்."

நாலு பேரும் யோசித்தார்கள்.

"அஞ்சாங் கிளாஸ்ல நான்தான் மானிட்டர்" என்றான் சொள்ளமுத்து அடக்கமாக.

"அக்கா எதையும் மறக்க மாட்டா" என்று ஞானதிரவியம் நெகிழ்ந்தான்.

கேமராவைச் சொள்ளமுத்துவின் உச்சந்தலையில் வைத்து, துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவரில் ஒரு பாத்திரக்கடைக் காலண்டர். அதில் குடத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கேமரா அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டது. மின்விசிறிக் காற்றில் காலண்டர் ஆட ஆட, திரையில் மலை இடதும் வலதுமாகச் சுழன்றது.

"யாருல ஓட்டுதா?"

"அந்தம்மாதான் ஓட்டுதாவ."

உச்சிமகாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்மளவிட நல்லாத்தான் ஓட்டுதாவ" என்று ஒப்புக்கொண்டார்.

ஜெபராணிக்குப் போன் போட்டார்கள். மானிட்டர் என்பது எதிரே டிவி மாதிரி இருக்கிற பெட்டி என்று அவள் மூன்று தடவை சொன்னாள். கேமரா இடம் மாறியது. பதவி போனதில் சொள்ளமுத்துவுக்குச் சாயங்காலம் வரை முகம் வாட்டமாகவே இருந்தது.

இரண்டாவது வரி: "முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும்."

"விழணும்னா மேல இருந்துதானல விழும்?" என்றார் உச்சிமகாளி.

கூரையேறி ஆறு ஓடுகளைப் பிரித்தார்கள். வெளிச்சம் விழுந்தது. கூடவே ஒரு பல்லியும், கூரையில் நின்ற சொள்ளமுத்துவும் விழுந்தார்கள். ஆனால் சூரியன் உச்சிமகாளியின் முகத்துக்கு நேரே வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான். அதனால் வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டார்கள்: 'மலை பஸ் மதியம் 12.00 முதல் 12.10 வரை மட்டும்.' இரண்டு பேர் பையோடு வந்து காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

மூன்றாவது வரி: "தலையை ஆடாமல் வைத்து, நடு பட்டனை அமுக்கவும்."

மாசானம் தலைவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஞானதிரவியம் அவர் சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழே எண்ணினான். அவன் முகம் இருண்டது.

"அண்ணே, ஆறு பட்டன் இருக்கு."

"அதனால என்னல?"

"ஆறுக்கு நடு கிடையாதுண்ணே. மூணாவதும் பாதி நடு, நாலாவதும் பாதி நடு."

"ரெண்டையும் சேத்து அமுக்குனா?" என்றான் சொள்ளமுத்து.

"ரெண்டு நடு உள்ள சட்டையை நம்பி எவனாவது மலை ஏறுவானால?" என்றார் உச்சிமகாளி.

நியாயம்தானே என்று கடைசிப் பட்டனைப் பிய்த்து எறிந்தார்கள். இப்போது ஐந்து, நடு தெளிவாக இருந்தது. ஞானதிரவியம் அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. கட்டைவிரலை ஊன்றி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினான். உச்சிமகாளி "யம்மா" என்று முன்னால் குனிய, அவர் நெற்றி கீபோர்டின் நடுவில் டமாரென்று இடித்தது. திரையில் 'தயார்' என்று வந்தது.

"பாத்தீங்களா, சட்டை வேலை செய்யுது!" என்று ஞானதிரவியம் துள்ளினான்.

இனி ஓட்ட வேண்டியதுதான். முதல் வளைவு வந்தது. உச்சிமகாளி தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்பினார். திரையிலும் பார்வை திரும்பியிருக்கும். ஆனால் அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது கோழித்தீவன மூட்டை. பஸ் பள்ளத்தில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

நீண்ட ஆலோசனை நடந்தது.

"தலை அங்க போவுது, டிவி இங்கயே நிக்குது. அதையும் கூடவே கொண்டுபோயிட்டா?" என்றான் ஞானதிரவியம்.

சொள்ளமுத்துவும் மாசானமும் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு தலைவரின் தலை திரும்பிய பக்கமெல்லாம் ஓடினார்கள். கேமராவும் மானிட்டர் மேலேயே இருந்ததால், தலைவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம் அதற்கு நேராகத்தான் தெரிந்தது. திரையில் பார்வை ஆடவே இல்லை. பஸ் மட்டும் தவறாமல் விழுந்தது. எட்டாவது தடவையில் மானிட்டரும் சேர்ந்து விழப் பார்த்தது.

மறுபடி ஜெபராணியைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எண்ணே, தலையை அவ்வளவு திருப்பக் கூடாது. கண்ணு திரையிலயே இருக்கட்டும். தலையை ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத்துக்குத் திருப்புனாப் போதும். மீதியைக் கம்ப்யூட்டரே திருப்பிடும்."

போன் வைக்கப்பட்டது.

"மீதியை... கம்ப்யூட்டரே திருப்பிடுமா?" உச்சிமகாளி மெல்லக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "எம்புட்டுத் திருப்பும்?"

"மீதி பூராவும்னுதான் அக்கா சொன்னா."

"பின்னால வரைக்கும் திருப்பிட்டா எப்படில சோறு தின்ன?"

மாசானத்துக்குக் கல்யாணக் கவலை. "அண்ணே, எனக்காக இதைச் செய்யுங்க. தலை திரும்பிட்டா நான் பின்பக்கமா நின்னு ஊட்டி விடுதேன்."

அந்தச் சொல்லில் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக ஒரு கோணிச் சாக்கை மடித்துக் கழுத்தைச் சுற்றி வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டிய பிறகு அவரால் தலையை ஒரு விரக்கடைக்கு மேல் அசைக்க முடியவில்லை.

போட்டி நாள். மண்டபத்தில் முந்நூறு பேர். தாளின் கடைசி வரியை ஞானதிரவியம் மைக்கில் வாசித்தான்: "கேமராவுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிய வேண்டும்." பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். முகத்தை அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க" என்றான். சென்னையிலிருந்து வந்த உத்தரவு என்றதும் முந்நூறு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவரும்தான்.

உச்சிமகாளி புறப்பட்டார். வளைவு வந்ததும் தலையைத் திருப்பப் பார்த்தார். சாக்கு விடவில்லை, ஒரு விரக்கடைதான் போயிற்று. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. திரையில் வளைவு முழுசாகத் தெரிந்தது. அடுத்த வளைவும் தெரிந்தது. அவருக்குக் கழுத்து வலி, தலை எப்போது சுற்றிக்கொள்ளுமோ என்ற பயம். வாய்விட்டு அழுதுகொண்டே ஏறினார். மாசானம் கையில் இலையும் தயிர்ச்சாதமும் வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் தயாராகக் குனிந்து நின்றான்.

நாற்பது நிமிஷத்தில் பஸ் உச்சிக்குப் போய்விட்டது. கீழக்கோணத்து ஆள் இருபதே நிமிஷத்தில் போனவன்தான், ஆனால் ஒரு தடவை விழுந்திருந்தான். நடுவர் முதுகைக் காட்டியபடியே எழுந்தார். "நான் எதையும் பாக்கல. ஆனா விழுந்த சத்தம் கேக்கல. அதனால மேலக்கோணத்துக்கே பரிசு!"

பெண்ணின் அப்பாவும் அந்தப் பக்கம் பார்த்தே கைதட்டினார். தேதி குறித்துவிடலாம் என்றார்.

பரிசு என்னவென்றால், நிஜ மலைக்கு நிஜ பஸ்ஸில் நாலு பேருக்கும் இலவசப் பயணம். மறுவாரம் அடிவாரத்தில் ஏறி டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கொஞ்ச தூரம் போனதும் உச்சிமகாளி எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஞானம், டிரைவர் முன்னால கேமரா எங்கல?"

தேடினார்கள். கண்ணாடி இருந்தது, மாலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது. கேமரா இல்லை.

"அண்ணாச்சி," என்றான் ஞானதிரவியம் டிரைவரிடம், "கேமரா இல்லாம எத்தனை வருஷமா ஓட்டுதீய?"

"இருபத்திரண்டு வருஷம். ஏன்?"

"நீங்க தலையைத் திருப்புனா ரோட்டுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். நாலு பேரும் உயிர் தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்கள். முதல் வளைவு வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார்கள்.

சாயங்காலம் அதே பஸ் கீழே இறங்கி வந்தபோது, நாலு பேரும் அந்த வளைவின் முனையில் வரிசையாக, ஆடாமல் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"காலையில இறங்குனவங்கதான நீங்க? இன்னும் இங்க என்னய்யா பண்ணுதீய?"

"எங்ககிட்டயும் கேமரா இல்ல அண்ணாச்சி" என்றார் உச்சிமகாளி, தலையைத் திருப்பாமலே. "ரோடு தானாத் திரும்பட்டும்னு நிக்கோம். உங்களுக்கு அவசரம்னா நீங்க முன்னால போங்க."