ஆய்வு நாள் கத்திரிக்காய்

அந்த நூல் மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது வீராயி. காய் வாங்கிப் போடுவது மேனேஜர் தணிகாசலம். பெயர்தான் காய். சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோசை வாரத்துக்கு ஒருதரம் மூட்டையாகக் கொண்டுவந்து தள்ளுவார்.

அன்றைக்கு மட்டும் சமையலறையே மணத்தது. பிஞ்சுக் கத்திரிக்காய், ஈரம் காயாத கொத்தமல்லி. மில்லில் நூல் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வருகிறாராம்.

“கேட்டா, அடிக்கடி புதுக் காய் வாங்குறோம்னு சொல்லு. உண்மை தெரிஞ்சாலும் உன் வேலை போச்சு, நீ பொய் சொல்றேன்னு தெரிஞ்சாலும் போச்சு,” என்றார் மேனேஜர்.

வந்த அம்மா ஒரு கத்திரிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளைக்கு ஒருதரம் புதுக் காய் வாங்குவீங்க?” என்று வீராயியைக் கேட்டார்.

“நீங்க வர்றப்பல்லாம் தவறாம வாங்கிடுவோம்மா,” என்றாள் வீராயி, கும்பிட்டபடி. “அடிக்கடி வாங்க. புள்ளைங்க கத்திரிக்காயைப் பார்த்து வருசமாச்சு.”

அந்த அம்மாவின் முகம் மாறியது. “இனிமே சொல்லாமத்தான் வருவேன்,” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டுமுன் வீராயியின் வேலை போயிற்று.

மறுநாள் விடிகாலை, அந்த அம்மா எப்போது வந்து நிற்பாரோ என்ற பயத்தில், மேனேஜரே சந்தையில் பையோடு நின்றார். பக்கத்தில் வீராயி, மலிவாய்க் கூறு கட்டியிருந்த அடிபட்ட தக்காளியை முந்தானையில் வாங்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு முட்டைக்கோசைக் கையில் எடுத்தார்.

“அதைக் கீழ வைங்க சார், நேத்துக் காய்,” என்றாள் வீராயி. “புள்ளைங்களுக்கு ஆகாது.”