இல்லாத சந்தில் குடித்த டீ

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த டீயைக் குடித்த மேனேஜர் நான்தான். முகவரியைக் கொடுத்தால் மேப்பில் புள்ளி வைத்துக் காட்டும் சேவைகள் மூன்றை, எங்கள் பாளையங்கோட்டை கூரியர் ஆபீசுக்காக ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு அடிக்கடி ‘தெரியவில்லை’ என்றன. மூன்றாவது எதைக் கேட்டாலும் புள்ளி வைத்தது. அதையே எடுத்தேன்.

புள்ளி இருந்த இடத்தில் வீடே இல்லை என்று பார்சல்களோடு திரும்பி வந்தார், டெலிவரிக்குப் போகும் இசக்கியம்மாள்.

“மேப் பொய் சொல்லாது. சொல்லுதுன்னா நாளைக்கே நிரூபி. இல்லேன்னா வேலைய விட்டுப் போ,” என்றேன்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் ஒரு சீட்டை நீட்டினார்: ‘பழைய எண் 7, புதிய எண் 31, சங்குப்பூ மூன்றாவது சந்து.’

மூன்றிலும் தட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டு சேவைகளும் கையை விரித்தன. என்னுடையது டக்கென்று புள்ளி வைத்தது.

“பாத்தியா? எனக்கே தெரியும் இந்தச் சந்து. முக்குல நின்னு டீ குடிச்சிருக்கேன்!”

“அப்படியா சார்? காலையில பஸ்ல வரும்போது நானா யோசிச்சு எழுதினேன். ஊர்ல அப்படி ஒரு சந்தே கிடையாது.”

ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நான் கீபோர்டைப் பார்த்தேன்.

“டீ நல்லா இருந்துச்சா சார்?”