குழவி சுமந்த ஓணான்

ஒரு குளக்கரை வேலியில் வேலப்பன் என்றொரு ஓணான் இருந்தது. அதற்கு ஒரே ஓர் ஆசை. தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று புறப்பட்டுப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்!

கிழக்குக் காற்று அடித்தால் கப்பல் ஊதும் சத்தம் குளம் வரைக்கும் கேட்கும். "பூம்ம்ம்!" அதைக் கேட்டதும் வேலப்பனுக்கு வால் நுனி வரை சிலிர்க்கும். அன்றைக்குச் சோறு தண்ணி இறங்காது.

அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. கெட்ட பழக்கம் என்று சொல்வதும் பாவம்தான். ஓணான் குலத்துக்கே தலை சும்மா இருக்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். யார் என்ன கேட்டாலும் வாய் திறப்பதற்கு முன் தலை முந்திக்கொள்ளும். ஆடிவிட்டால் வேலப்பனுக்கு அது வாக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் எந்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்வது?

ஒருநாள் கடற்காகம் ஒன்று குளத்துக்கு மேலே பறந்து வந்தது. "பெரிய வெள்ளைக் கப்பல் வந்திருக்கு! நாலாம் நாள் காலையில புறப்படுது! இதை விட்டா அடுத்த வருஷம்தான்!" என்று கத்திவிட்டுப் போனது.

வேலப்பன் துள்ளிக் குதித்தது. ஒரு கொட்டாங்கச்சியில் துளை போட்டு, வாழைநார் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு பிடி வறுத்த ஈசல். அவ்வளவுதான் மூட்டை!

துணைக்கு சிட்டாள் என்ற சுண்டெலி வந்தது. சிட்டாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மூட்டையே கிடையாது. "போற இடத்துல திங்கிறதுக்கு ஒண்ணும் கிடைக்காதா என்ன?" என்றது.

நம்ம ஊர் வழக்கம்தான் தெரியுமே! ஒருத்தர் வெளியூர் கிளம்பினால் போதும், ஊரே பொட்டலத்தோடு வந்து நிற்கும்.

முதலில் கொக்கு வந்தது. "வேலப்பா, அங்கே கலங்கரை விளக்கத்துப் பக்கம் எங்க மதினி இருக்கா. இந்த நெத்திலிக் கருவாட்டைக் குடுத்திருதியா?"

தலை ஆடியது.

அடுத்து தவளை. கையில் ஒரு மருந்து பாட்டில். "எங்க அக்கா அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. எல்லாம் உப்புத் தண்ணி, பாவம்! நம்ம குளத்துத் தண்ணி ஒரு பாட்டில் குடுத்திருதியா?"

தலை ஆடியது.

கடைசியில் ஆமை வந்தது. மெதுவாக வந்தது. அம்மிக் குழவி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது! "கடலாமை எனக்குத் தங்கச்சி முறை. புதுசா குடித்தனம் வச்சிருக்கு. கடலுக்குள்ள மசால் அரைக்கக் கல்லுக்கு எங்கே போகும்? கடற்கரையிலதான் கிடப்பா, குடுத்திரு தம்பி!"

"ஐயோ, வேண்டாம்!" என்று வேலப்பன் நினைத்தது. நினைத்து என்ன செய்ய? தலை ஆடிவிட்டது!

"பூம்பூம் மாடு தோத்துது, போ!" என்று சிட்டாள் தலையில் அடித்துக்கொண்டது.

உப்பு ஏற்றப் போகிற காலி லாரி ஒன்றில் இரண்டும் தொற்றிக்கொண்டு தூத்துக்குடி போய்ச் சேர்ந்தன. அடேயப்பா, எவ்வளவு பெரிய ஊர்! வெள்ளை வெளேரென்று மலை மலையாய் உப்பு. தெருவெல்லாம் பரோட்டாக் கடை வாசம்.

"வாலே, சுத்திப் பாப்போம்!" என்றது சிட்டாள்.

"கருவாட்டைக் குடுத்துட்டு வந்திருதேன்" என்றது வேலப்பன்.

மூட்டையோடு மூச்சு வாங்க, கலங்கரை விளக்கத்துக்குப் போனது. கொக்கின் மதினி அங்கே இல்லை. மீன் மார்க்கெட்டுக்கு வீடு மாறிப் போய்விட்டதாம். மீன் மார்க்கெட்டைத் தேடிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மதினி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. "மீன் மார்க்கெட்டுல இருக்கிறவளுக்குக் கருவாடா? நல்லா இருக்கு கூத்து! சும்மா அனுப்பினா மரியாதையா இருக்காது. இந்தா, இந்தச் சீலாக் கருவாட்டைக் கொக்குகிட்டக் குடுத்திருதியா?"

அது முன்னதைவிட மூன்று மடங்கு பெரிசு. தலை ஆடியது.

மறுநாள் தவளையின் அக்காவைத் தேடி ஒரு தெருக்குழாயடிக்குப் போனது வேலப்பன். அக்கா பாட்டிலை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அந்தப் பாசித் தண்ணியா? இங்க குழாயிலயே நல்ல தண்ணி வருது!" என்று சொல்லி அந்தத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டாள். பிறகு, "வந்ததுதான் வந்த, என் பிள்ளைகளைக் கொஞ்சம் பாத்துக்கிடுதியா? இந்தா, ஒரு எட்டு போயிட்டு வந்திருதேன்" என்றாள்.

தலை ஆடியது. அக்கா போனாள், போனாள், போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ரெண்டு பிள்ளைகளுக்குக் கால் முளைத்துவிட்டது!

சாயங்காலம் சிட்டாள் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தது. "உப்பு மலையில சறுக்கி விளையாண்டேன்! கோயில் மணி அடிக்கிறதைப் பாத்தேன்! மக்ரூன்னு ஒரு முந்திரிப் பலகாரம் தின்னேன் பாரு, வாயில வச்சதும் காணாமப் போயிருச்சு! நீ என்னலே பாத்த?"

"குழாய் பாத்தேன்" என்றது வேலப்பன். சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பூராவும் அக்காவின் நாத்தனார் வீட்டுக்குப் பாய் சுமந்ததில் போனது. அந்தக் கண்ணராவியை நான் சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் காலை. இரண்டும் துறைமுகத்துப் பக்கம் வந்தன. வழி ரெண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் கப்பல். வலது பக்கம் போனால் கடலாமை கிடக்கும் கடற்கரை. அந்த நேரம் பார்த்து, "பூம்ம்ம்!" கப்பல் புறப்படப் போகிறது!

வேலப்பன் நடுவழியில் நின்று தவித்தது.

"கல்லைக் கீழே போட்டுட்டு ஓடி வாலே!" என்று கத்தியது சிட்டாள்.

"தலை வாக்குக் குடுத்திருச்சே, சிட்டா!"

"தலை குடுத்துச்சு, சரி. அப்போ உன் வாய் எங்க போயிருந்தது?"

அப்போது அந்த வழியாகக் கப்பல் எலிகள் சாமான் தூக்கிக்கொண்டு வந்தன. கப்பல் பயணத்துக்கான தேங்காய், கருப்பட்டி, பழைய சாக்கு எல்லாம் போயின. அவற்றுக்கு மேஸ்திரி ஒரு தடித்த பெருச்சாளி.

"ஏய், இந்தக் குழவி நம்ம சாமானா?" என்று மேஸ்திரி கேட்டது.

தலை ஆடியது.

"நீயும் எங்ககூடக் கப்பல்ல வர்றியா? போனா திரும்பி வர முடியாது, பாத்துக்கோ! சம்மதமா?"

தலை நன்றாகவே ஆடியது.

"ஏத்துங்கலே!" என்றது மேஸ்திரி.

கண் மூடித் திறப்பதற்குள் வேலப்பனையும் குழவியையும் சேர்த்துக் கயிற்றில் கட்டிவிட்டன. மேலே இருந்த எலிகள் "ஐலசா!" என்று இழுத்தன. வேலப்பன் அந்தரத்தில் ஆடியது. கீழே சிட்டாள் கடுகு மாதிரி தெரிந்தது. குளக்கரை வேலி ஞாபகம் வந்தது.

"மாட்டேன்!"

யார் கத்தினது என்று வேலப்பனே திரும்பிப் பார்த்தது. கத்தினது அதுவேதான்!

"மாட்டேன்! நான் வர மாட்டேன்! என்னை இறக்கி விடுங்க!"

இழுத்த எலிகள் நிறுத்திவிட்டன. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தது. "என்னலே இது! தலை ஆமாங்குது, வாய் மாட்டேங்குது! நான் எதை நம்புறது?"

"வாயை நம்புங்க!" என்று அலறியது வேலப்பன். "தலை பிறவியிலேயே அப்படி! வாய்தான் நான்!"

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதையால்ல இருக்கு!" என்று மேஸ்திரி முணுமுணுத்தது. வேலப்பனை மட்டும் எலிகள் அவிழ்த்து இறக்கிவிட்டன. குழவி மேலே போய்விட்டது.

முதுகு லேசானது. வேலப்பன் ஓடிப்போய்க் கரை விளிம்பில் நின்றது. வெள்ளைக் கப்பல் மெல்ல நகர்ந்தது. எவ்வளவு உயரம்! எவ்வளவு நீளம்! பக்கத்தில் நின்று கேட்டபோது அந்த ஊதல் நெஞ்சுக்குள்ளேயே அதிர்ந்தது. கப்பல் புள்ளியாய் மறையும் வரை வேலப்பன் கண்ணைச் சிமிட்டவே இல்லை. சந்தோஷத்தில் தலை தறிகெட்டு ஆடியது. யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் தனக்காகவே அது ஆடியது அன்றைக்குத்தான்.

குளத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கொக்கு சீலாக் கருவாட்டை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது. ஆமை கழுத்தை நீட்டிக் கேட்டது.

"குழவியைக் குடுத்துட்டியா, தம்பி?"

"இல்லை. அது கப்பல் ஏறிப் போயிருச்சு."

ஆமை கழுத்தை உள்ளே இழுத்து மறுபடி நீட்டியது. "சரி, போனாப் போகுது. அடுத்த வருஷம் போகும்போது அம்மியைக் கொண்டுபோயிருதியா?"

வேலப்பனின் தலை மேலும் கீழும் ஆடியது. சிட்டாள் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"மாட்டேன்!" என்றது வாய்.

முடியாததை முடியாது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவனுக்கு ஊரார் சுமைதான் மிஞ்சும், ஊர் பார்க்கக் கிடைக்காது.